தனக்கும் சாவி வைத்துக்கொள்ளாதவள்

ஓரகத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் என் அம்மா நம்பவில்லை. "என்னடி, அவகிட்ட ஏதாவது எழுதி வாங்கப் போறியா?" என்று கேட்டாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இத்தனை வருடம் இடித்துக்கொண்டு வாழ்ந்த இரண்டு மருமகள்களில் ஒருத்தி மற்றவளைப் புகழ்ந்தால், உலகம் முதலில் காரணத்தைத்தான் தேடும். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அவள் பெயர் 'சந்தேகம்'. வைத்தவர் எங்கள் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். "சந்தேகம் எங்க போச்சு? சந்தேகத்தைச் சாப்பிடக் கூப்பிடு" என்பார். அவளும் கோபப்படாமல் வந்து உட்காருவாள். பெயரில் தப்பும் சொல்ல முடியாது. கடையில் டார்ச் வாங்கினால் அங்கேயே பேட்டரி போட்டு எரியவைத்துப் பார்ப்பாள். கடைக்காரர் எரிச்சலோடு, "புதுசும்மா" என்றால், "புதுசுன்னு தெரியும். எரியுதான்னுதான் தெரியல" என்பாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள், மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் சரி, மேகமே இல்லாவிட்டாலும் சரி. அவளோடு வெளியே போவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே புற்றுநோய் மருத்துவமனையில் வேலை செய்கிறோம். நான் தரைத்தளத்தில் கதிர்வீச்சுக் கருவியை இயக்குகிறேன். அவள் அதற்கும் கீழே, நிலவறையில், கணினிப் பிரிவில் இருக்கிறாள். "வீட்டுல மூத்தவளா இருக்கலாம், ஆஸ்பத்திரியில எனக்குக் கீழதான்" என்று அவ்வப்போது சொல்லிக் காட்டுவேன். அவளுடைய வேலை, மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் நகல் எடுத்துப் பாதுகாப்பது. ஏதாவது ஒன்று செத்துப்போனால் நகலிலிருந்து அதை எழுப்புவது. பேக்கப் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அவள் எழுப்புகிற கணினிகளைக் கையால் தொட முடியாது. கீழே நாலைந்து பெரிய பெட்டிகள் இரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பல கணினிகள், ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் மாதிரி. ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். ஒன்று நோயாளிகளின் பதிவைக் கவனிக்கும், ஒன்று மருந்தகத்தை, ஒன்று கேன்டீன் பில்லை. எங்களுடைய கதிர்வீச்சுத் திட்டங்களும் அப்படியொரு குடித்தனத்தில்தான் இருந்தன. மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர். கையில் பிடிக்க முடியாததை நம்பி இத்தனை உயிரா என்று ஆரம்பத்தில் அவளிடமே கேட்டிருக்கிறேன்.

இந்தச் சந்தேகக் குணம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தாள். ஊர்க் கல்யாணப் படங்களெல்லாம் அங்கேதான் இருந்தன. தினமும் காலையில் வந்ததும் திரையைப் பார்ப்பாள். 'நகல் முடிந்தது' என்று பச்சையாக இருக்கும். நிம்மதியாக மற்ற வேலையைப் பார்ப்பாள். இடையில் படங்களையெல்லாம் ஒரு புது டிஸ்க்குக்கு மாற்றினார்கள். நகல் எடுக்கும் நிரலிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. அது கடமை தவறாமல் பழைய காலி டிஸ்க்கையே நகலெடுத்து, பச்சை காட்டிக்கொண்டே இருந்தது. புது டிஸ்க் ஒருநாள் கெட்டது. திறந்து பார்த்தால் நகலில் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் கடைக்கு வந்த ஒவ்வொரு தம்பதியிடமும் முதலாளி அவளையே பதில் சொல்ல வைத்தார். ஒரு பெண், தன் அப்பா இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது என்றும், அவர் சிரித்த படம் அந்த ஆல்பத்தில் மட்டும்தான் இருந்தது என்றும் சொன்னாளாம். அழக்கூட இல்லையாம், சும்மா நின்றாளாம். அக்கா இதைச் சொல்லும்போது அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஆகவே மருத்துவமனைக்கு வந்ததும் அவள் ஆரம்பித்த முதல் காரியம் வெள்ளிக்கிழமை ஒத்திகை. எல்லாக் கணினிகளின் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு எடுப்பாள். எந்தப் பெயர் வருகிறதோ அது அன்றைக்குச் 'செத்தது' என்று வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையானது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, நகலிலிருந்து இன்னொன்றைத் தன் அறையில், வெளித் தொடர்பே இல்லாத ஒரு மூலையில் எழுப்புவாள். அதோடு விட மாட்டாள். அந்தக் கணினியில் வழக்கமாக வேலை செய்கிற ஆளைக் கீழே வரவழைத்து உட்காரவைத்துச் சோதிக்கச் சொல்வாள். ஊழியர்கள் எல்லோரும் திட்டுவோம். கேன்டீன்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே வருவார்; அந்த அறையில் ஏசி உண்டு.

எங்கள் சீட்டு வந்தால் என் பாடு திண்டாட்டம். "மேல ஆளுங்க காத்திருக்காங்க அக்கா. பச்சை விளக்குதான் எரியுதே, அப்புறம் என்ன?" என்று கத்துவேன்.

"காப்பி எடுத்துட்டேன்னுதான் அது சொல்லும். எதை எடுத்தேன்னு சொல்லாது. உட்காரு. ஒரு நோயாளியைத் திற. படம் வருதா? அளவெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"பார்க்காமலே சொல்ற பாரு. நிதானமாப் பாரு."

வீட்டில் பருப்பில் உப்பு சரியா என்று கேட்டாலும் இதே குரல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன்.

இரண்டாவது காரியம் ஒரு பூட்டு. எடுத்த நகல் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கெடு வைத்தாள். அந்தக் கெடு முடியும் வரை அதைப் படிக்கலாம், அதிலிருந்து எழுப்பலாம். மாற்ற முடியாது, அழிக்க முடியாது. யாராலும் முடியாது. அப்போதுதான் புதிதாக ஒரு கணினிப் பிரிவு மேலாளர் வந்து சேர்ந்திருந்தார். இடம் நிரம்புகிறது, பழைய நகல்களை அழித்துவிடுங்கள் என்றார். முடியாது சார் என்றாள் இவள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"உங்களாலேயே முடியாதுன்னா உங்களை எதுக்கு வெச்சிருக்கு?"

"என்னால முடிஞ்சா, என் பேருல உள்ள வர்ற திருடனாலயும் முடியும் சார்."

அவர் முகம் போன போக்கைப் பற்றி மருந்தகம் வரைக்கும் பேச்சு. வேலை போய்விடும் என்றே நான் நினைத்தேன். நல்லவேளை, தலைமை மருத்துவர் கேட்டுவிட்டு, இன்னும் இடம் வாங்கிக் கொடுங்கள் என்று முடித்துவிட்டார். வீட்டில் மாமா இந்தக் கதையை என்னிடம் மூன்று தடவை சொல்ல வைத்துச் சிரித்தார்.

அடுத்த வருடம் மாமாவுக்கே குரல்வளையில் கட்டி வந்தது. ஆரம்ப நிலைதான், கதிர்வீச்சிலேயே குணமாக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார்: ஆரம்பித்தால் நாள் தவறாமல் தொடர வேண்டும், நடுவில் இடைவெளி விழுந்தால் கட்டி அந்த இடைவெளியில் மறுபடி தலையெடுக்கும். இன்னொன்றும் சொன்னார்: முடியும் வரை தொண்டைக்கு ஓய்வு, பேசக் கூடாது. இரண்டாவதுதான் மாமாவுக்குப் பெரிய தண்டனையாகத் தெரிந்தது. கையாலும் புருவத்தாலும் பேசப் பழகினார். தினமும் காலையில் நானே கூட்டிக்கொண்டு போய், முகத்துக்கென்று வார்த்த வலை முகமூடியை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்கி, வெளியே வந்து கதிரைச் செலுத்துவேன். எந்தக் கோணத்தில், எவ்வளவு, எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்தக் கையில் பிடிக்க முடியாத கணினியில்தான் இருந்தது. பாதிச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை திரையைப் போட்டேன். கறுப்புப் பின்னணியில் வேற்று மொழியில் ஏதோ எழுத்து. உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம் என்று அதற்கு அர்த்தமாம். பதிவு, மருந்தகம், ஸ்கேன், எல்லாத் திரையிலும் அதே எழுத்து. வெளியே மாமா கவுன் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை. "கொஞ்சம் நேரம் ஆகும் மாமா" என்றேன். புருவத்தைத் தூக்கினார். எவ்வளவு நேரம் என்று அர்த்தம். தெரியாது என்று நானும் கையை விரித்துக் காட்டினேன்.

அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். எங்கள் பிரிவுக்காக நான் போயிருந்தேன். மேலாளர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். திருடன் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்னால் முதல் வேலையாக நகல்கள் இருக்கும் இடத்துக்குப் போய், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்திருக்கிறான் என்றார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, "இவங்க பேருலதான் உள்ள வந்திருக்கான். இவங்க பாஸ்வேர்டு" என்றார்.

அறையிலிருந்த எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழியை எவ்வளவு சுலபமாக ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள் என்று சண்டைக்கு எழப் போனேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"ஆமா, என்னுதுதான். நான்தான் கொடுத்திருக்கேன். போன மாசம் முதல் திங்கக்கிழமை, மென்பொருள் கம்பெனியிலேர்ந்து வர்ற மாதிரியே ஒரு மெயில் வந்துச்சு. உரிமத்தைப் புதுப்பிக்கணும்னு. பாஸ்வேர்டும் போட்டேன், போனுக்கு வந்த நம்பரும் போட்டேன். அப்புறம் பக்கம் காலியா நின்னுச்சு. நெட் சரியில்லைன்னு விட்டுட்டேன். அந்த மெயில் இன்னும் இருக்கு, காட்டுறேன்."

டார்ச்சை எரியவைத்துப் பார்த்து வாங்குகிற பெண் இப்படி ஏமாந்தாளா? எனக்கே நம்ப முடியவில்லை. யாரோ உச்சுக்கொட்டினார்கள். தலைமை மருத்துவர் மட்டும் நிதானமாக, "அப்போ காப்பி எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"அழிக்கச் சொல்லியிருக்கான் சார். ஆனா அழிஞ்சிருக்காது. என்னாலயே முடியாதுன்னா, என் பேருல வந்தவனால எப்படி முடியும்?"

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார். தாளைப் புரட்டினார். அழிக்கும் கட்டளைக்குக் கீழே வரிவரியாக 'மறுக்கப்பட்டது', 'மறுக்கப்பட்டது' என்று இருந்தது. பயத்தில் அவர் அதுவரை அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவன் முட்டி மோதியிருக்கிறான், பாவம். ஒரு நகலைக்கூட அசைக்க முடியவில்லை. தன்னையும் திருடன் கணக்கில் சேர்த்து அவள் போட்ட பூட்டு அது. அந்த அறையிலேயே எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

சரி, நகல் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் எழுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆனது, எழுப்பவில்லை. மறுநாள் காலையும் திரை கறுப்பு. மாமா மறுபடி கவுனோடு வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. நேராக நிலவறைக்கு இறங்கினேன். மேலாளரும் அங்கேதான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை எடுத்த நகல் முழுசா இருக்குதானே? எடுத்துப் போட வேண்டியதுதானே அக்கா? மாமாவுக்கு ஒரு நாள் ஏற்கெனவே போச்சு" என்றேன்.

"அதைப் போட மாட்டேன்."

"உங்க பிடிவாதத்துக்கு இதுவா நேரம்?"

"நான் பாஸ்வேர்டைக் கொடுத்தது போன மாசம். அவன் கதவைப் பூட்டினது நேத்து. நடுவுல அவன் என்ன பண்ணிட்டிருந்தான்? உள்ளேயே உட்கார்ந்திருந்தான். திங்கக்கிழமை நகலை எடுத்தா அவனையும் சேர்த்துத்தான் எழுப்புவேன். மத்தியானம் வேலை செய்யும், நாளைக்கு மறுபடியும் பூட்டுவான். உன் கருவி ஓடிட்டிருக்கும்போது பூட்டினா?"

"அது உங்க சந்தேகம்!"

"ஆமா."

"மேல வந்து உட்கார்ந்துட்டுத் திரும்பிப் போனது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் திரையை விட்டுத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "என் புருஷனோட அப்பா. அவருக்காகத்தான் திறக்கல. போ, மேல போய் இரு" என்றாள். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அன்று என் இடத்தில் யார் இருந்தாலும் அடித்துத்தான் சாத்தியிருப்பார்கள்.

மத்தியானம் அவள் சொன்னதே உண்மையாயிற்று. திங்கட்கிழமை நகலைத் தனி மூலையில் எழுப்பி, கணினிக்குள் கடிகாரத்தைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்துப் பார்த்தார்களாம். கொஞ்ச நேரத்தில் அதே கறுப்புத் திரை வந்துவிட்டது. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். நகல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சோதித்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் இழுத்திருக்கும். அவள் மெயில் வந்த நாளை மறைக்காமல் சொன்னதால், அதற்கு முந்தைய நாள் நகலுக்கே நேராகப் போனார்கள். அது சுத்தமாக இருந்தது.

ஆனால் அதில் ஒரு மாதச் சிகிச்சைக் கணக்கு இல்லையே? மாமாவின் திட்டமே அதற்குப் பிறகுதான் போடப்பட்டது. அதற்கும் வழி வைத்திருந்தாள். பழைய நகலிலிருந்து கணினியை மட்டும் எழுப்பினாள். திங்கட்கிழமை நகலிலிருந்து நோயாளிகளின் விவரங்களை மட்டும் தனியே பிரித்து எடுத்து, ஒவ்வொன்றையும் சோதித்து அதற்குள் வைத்தாள். வீடு பழைய வீடு, சாமான் நேற்றைய சாமான். ஒவ்வொரு மூட்டையையும் வாசலிலேயே அவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வைத்தாள். முதலில் தன்னுடையதை மேலாளர் கையால் மாற்றச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டாள். முந்தைய நாள் சண்டையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு. ஒரு நோயாளியைத் திற" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் சொல்கிற அதே வார்த்தைகள். நான் மாமாவின் பெயரைத் திறந்தேன். படம் வந்தது. குரல்வளை, கட்டி, கதிர் நுழையும் கோணங்கள், எல்லாம் வந்தன. இதுவரை கொடுத்த சிகிச்சை, கடைசியாகத் திங்கட்கிழமை, என் பெயரில் பதிவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை அவள் நிதானமாகப் பார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் எங்கள் கதிரியல் இயற்பியலாளர் தன் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுத் தலையசைத்தார். அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மாமாவுக்கு முகமூடியை மாட்டி, கதிர் செலுத்தி முடித்து, கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தேன். தவறிய நாட்களைச் சனிக்கிழமைகளில் சரிக்கட்டிவிடலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காத்திருப்பு அறை நிறைந்திருந்தது. இரண்டு நாள் நடந்த கதை அதற்குள் கை கால் முளைத்து அங்கே வந்திருந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர், அலைந்த ஆத்திரத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"கீழ யாரோ ஒருத்தி பாஸ்வேர்டைத் தூக்கித் திருடன் கையில கொடுத்துட்டாளாம். இவளையெல்லாம் யாரு வேலைக்கு வைக்கிறா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனைவியின் உயிர்ப் பிரச்சினை அவருக்கு. ஆனாலும் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை விலக்கிவிட்டு மாமா அவர் முன்னால் போய் நின்றார். நெற்றியிலும் கன்னத்திலும் முகமூடியின் வலைத் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒருத்தி என் மூத்த மருமக" என்றார். மணலை அரைக்கிற மாதிரி ஒரு குரல். ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது. "கொடுத்தது நான்தான்னு அவளேதான் சொன்னா. வேற யாரும் கண்டுபிடிக்கல. இப்ப உங்க வீட்டம்மா உள்ள போகப் போறாங்களே, அதுவும் அவளாலதான். எங்க வீட்டுப் பொண்ணு."

அந்த மனிதர் எழுந்து மாமாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். மாமா உட்காரவில்லை. அந்த வரிசையிலிருந்த இன்னொரு அம்மாவின் பக்கம் திரும்பி, முதலிலிருந்து கதையை ஆரம்பித்தார். பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவருக்கு நினைவூட்ட அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.